வலது ஓரத்து ஹெட்டி

தார்ன்லி, லங்காஷயர்
1921 டிசம்பர் 8

திரு. வால்டர் என்ட்விசில் அவர்களுக்கு,

பத்திரிகையில் உங்கள் பேட்டி வந்திருக்கிறது. நானாகப் படிக்கவில்லை, எனக்குப் படித்துக் காட்டினார்கள். காலைத் தேநீர் வேளையில் பட்டறைப் பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்க, ஃப்ளோரி பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டு உரக்கப் படித்தாள். முதலில் லண்டன் கால்பந்துச் சங்கத்தின் தீர்மானம். கால்பந்து பெண்களுக்கு ஆகாத ஆட்டமாம், எந்த கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாதாம். நாங்கள் ஊளையிட்டோம். ஒருத்தி கட்டைச் செருப்பைக் கழற்றி இரும்புத் தூணில் அடித்தாள்.

"இருங்கடி, இன்னும் முடியல" என்றாள் ஃப்ளோரி. "கீழ கட்டம் கட்டி ஒருத்தர் பேசியிருக்காரு. லண்டன் கிளப்போட பேர்போன தடுப்பாட்டக்காரராம்."

பிறகு உங்கள் வாக்கியங்கள். என் தங்கையே ஆடுகிறாள், அண்ணனாக எனக்கு அது வெட்கம், பெண்ணின் உடம்பு அதற்காகப் படைக்கப்பட்டதல்ல.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஃப்ளோரி தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி ஹெட்டி, போன வருஷம் நம்ம ஆட்டத்துக்கு வந்து தொண்ட கிழியக் கத்துனாரே, அந்த அண்ணன்தானே இது? இல்ல, வேற அண்ணன் யாராச்சும் இருக்காங்களா?"

இந்த உடம்பைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். போர் நடந்த காலமெல்லாம் இதே ஆலையில் இதே உடம்புதான் பீரங்கிக் குண்டுகளைத் தூக்கியது. ரசாயனம் பட்டு என் தலைமுடி மஞ்சளாகிப்போனது. அப்போது எந்த டாக்டரும் வந்து, "ஐயோ, பெண்ணின் உடம்பு" என்று பதறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது. ஊர் மைதானம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கே ஆடுவோம் என்று தெரியவில்லை. ஆடுவோம் என்பது மட்டும் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வெட்கம்,
ஹெட்டி


லண்டன்
1921 டிசம்பர் 14

ஹெட்டிக்கு,

இங்கே ஒரு வாரமாக மழை. உன் அண்ணி கோனி நன்றாக இருக்கிறாள். ஆறாம் மாதம் நடக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

நீ "நீங்கள்" போட்டு எழுதியதை அவளிடம் காட்டினேன். "நல்லா வேணும் உனக்கு" என்றாள்.

நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகைக்காரன் வந்தபோது கிளப் செயலாளர் பிரிட்சார்ட் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் "கவலை" என்றேன், அவன் "வெட்கம்" என்று எழுதிவிட்டான். மற்றதெல்லாம் நான் சொன்னதுதான். மறுக்கமாட்டேன். போன வருடம் உன் ஆட்டத்தில் ஒரு பெண்ணின் தாடை உடைந்ததைப் பார்த்தவன் நான். உன்னை ஒருத்தி இடித்துத் தள்ளினாள், நீ வேலியில் போய் விழுந்தாய். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. என் வலது முழங்கால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு டர்னிப் கிழங்கு மாதிரி வீங்குகிறது. வயது முப்பத்தொன்று. இந்தப் பருவம் முடிந்தால் என்னை வைத்துக்கொள்வார்களா என்பது பிரிட்சார்டின் கையில் இருக்கிறது. இல்லையென்றால் சுரங்கம்தான். அப்பா எப்படி இருமிச் செத்தார் என்று உனக்கு மறந்திருக்காது.

நீ முப்பதாயிரம் பேர் முன்னால் ஆடிவிட்டாய், ஹெட்டி. என் கிளப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கூட்டம் வாய்த்ததில்லை. போதும் என்று வைத்துக்கொள். பெர்சி நல்ல பையன். உன்னைப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அண்ணன்,
வால்ட்


தார்ன்லி
1922 ஜனவரி 24

வால்ட்,

பெர்சி பூங்கொத்தோடு வந்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் பந்தைத் தொடக்கூடாது, அது மட்டும்தான்" என்றான். பூ நன்றாக இருந்தது, வாங்கிக்கொண்டேன். அவன் இப்போது ஃப்ளோரியின் தங்கையைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

நாங்கள் ஆடினோம். சங்கத்துக்குக் கட்டுப்படாத ரக்பி கிளப்காரர்கள் மைதானம் தருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். எங்கள் கேப்டன் ஆக்னஸை உனக்குத் தெரியுமே, ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள். அவள் நேராக டக்வொர்த் பண்ணைக்குப் போய், கால்வாய்க்குக் கீழே இருக்கும் ஆட்டு மேய்ச்சல் நிலத்தைக் கேட்டு வாங்கிவிட்டாள். சரிவான நிலம். மேலிருந்து கீழே ஆடினால் பந்தே ஓடிவிடும், கீழிருந்து மேலே ஆடினால் நாக்குத் தள்ளும். சங்கத்தில் பதிந்த நடுவர்கள் வரக்கூடாது என்பதால் டிராம் கண்டக்டர் ஐசக் ஹோல்ட் தன் விசிலோடு வந்தார். ஒவ்வொரு முறை ஊதும்போதும் கூட்டத்தில் யாராவது "நான் இறங்கணும்" என்று கத்தினார்கள்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பாலத்தின் மேல், படகுகளின் மேல், மரங்களின் மேல். பாதி ஆட்டத்தில் ஒரு கான்ஸ்டபிள் வந்து, "யார் அனுமதி குடுத்தது?" என்றார்.

டக்வொர்த் கிழவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "என் புல்லு, என் ஆடு, என் சாணி. யார் வேணா மிதிக்கலாம். நீயும் மிதிச்சுக்கிட்டுத்தான் நிக்கிற, கீழ பாரு."

ஐந்துக்கு ஒன்று, ஜெயித்தோம். மூன்று கோல் என் ஓரத்திலிருந்து போனது.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். சங்கத்தை எதிர்த்து ஆலையின் பெயரில் ஆடக்கூடாது, ஆடினால் வேலை இல்லை. ஆக்னஸுக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் போரிலிருந்து திரும்பவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படி நிற்கவைத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆல பேர நீங்களே வெச்சுக்கங்க சார்" என்றேன்.

"அப்ப வேலை?" என்றார்.

"அதையும்தான்."

இப்போது சலவைக்கூடத்தில் மற்றவர்கள் வீட்டுப் படுக்கைவிரிப்புகளைப் பிழிகிறேன். கைக்குப் பலம். அணிக்கு "தார்ன்லி பெண்கள்" என்று பெயர் வைத்துவிட்டோம். ஆக்னஸ் ஆலையில் வாய்திறக்காமல் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் வந்து ஆடுகிறாள். கண்டுபிடிக்கட்டும்.

ஹெட்டி


லண்டன்
1922 மார்ச் 20

அன்புள்ள ஹெட்டிக்கு,

பெண் குழந்தை. டோரா என்று பெயர். கோனி களைத்திருக்கிறாள், நலம். குழந்தைக்கு உன் நெற்றி.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். பிப்ரவரிக்குப் பிறகு நான் களத்தில் இறங்கவில்லை. முழங்கால் முடிந்துவிட்டது. டாக்டர் மெதுவாகச் சொன்னார், பிரிட்சார்ட் வேகமாகச் சொன்னார். ஆனால் கிளப்பில் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியாகிறது. அதை எனக்குத் தரலாம் என்கிறார்.

அதற்கு அவர் ஒன்று கேட்கிறார். பெண்கள் ஆடுவதால் உடல்நலம் கெடுகிறது என்று சங்கம் ஓர் அறிக்கை தயாரிக்கிறதாம். ஆடிய பெண்ணே சொன்னால் எடுபடும், அதிலும் நாடே அறிந்த பெண் சொன்னால்... உனக்குப் புரியும். தாள் உள்ளே இருக்கிறது. நான்கு வரிதான். ஆட்டத்தால் உடம்பு கெட்டது, இனி ஆடமாட்டேன், மற்றப் பெண்களும் ஆடவேண்டாம். கீழே உன் கையெழுத்து. உன் பழைய வேலையையும் திரும்ப வாங்கித்தரப் பேசுவதாகச் சொன்னார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். பிரிட்சார்டுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். வீட்டில் ஒரு வாரக் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்கிறேன். வேண்டாம் என்றால் திட்டாமல் வேண்டாம் என்று எழுது.

வால்ட்


தார்ன்லி
1922 மார்ச் 27

அண்ணா,

டோராவுக்கு முத்தம். கோனிக்கு அம்மா பின்னிய சால்வை தனியாக வருகிறது.

தாள் கிடைத்தது. நல்ல கனத்த தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முழுக்கச் சேறு, பூட்ஸ் ஊறிப்போயிருந்தது. உன் தாளைக் கசக்கி வலது பூட்ஸுக்குள் திணித்து அடுப்புப் பக்கம் வைத்தேன். பத்திரிகைத் தாளைவிட ஈரத்தை நன்றாக இழுக்கிறது. பிரிட்சார்டிடம் இன்னொன்று கேட்டுப் பார், இடது பூட்ஸ் இன்னும் காயவில்லை.

திட்டாதே என்றாய். திட்டவில்லை. உன் கால் போனது எனக்கு எப்படி இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் எழுத வரவில்லை. வேலை இல்லாமல் நீ சுரங்கத்தில் இறங்க வேண்டாம். கோனியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. மாடி அறையை விட்டுத்தருகிறேன், அடுப்படியில் படுத்துக்கொள்கிறேன். என்ன வேண்டுமானாலும் கேள். ஆனால் கையெழுத்து மட்டும் கிடையாது. நான் அதில் கையெழுத்திட்டால் என் உடம்பைப் பற்றி மட்டும் சொன்னதாகாது. உன் வீட்டுத் தொட்டிலில் கிடக்கிறவளின் உடம்பைப் பற்றியும் சேர்த்துச் சொன்னதாகும்.

ஈஸ்டர் திங்கட்கிழமை கிளாஸ்கோ பெண்கள் இங்கே வருகிறார்கள். ரக்பி கிளப் இந்த முறை மைதானம் தருகிறது, ஊரே போய் அவர்கள் கதவைத் தட்டியதால். "உண்மையான கால்பந்துக்காரன் ஒருத்தன்கூட இந்தப் பெண்கள் பக்கம் நிற்கவில்லை" என்று பத்திரிகைகள் சிரிக்கின்றன.

என் உடல்நலம் கெட்டிருக்கிறதா என்று நீயே வந்து பார்த்துவிட்டுப் போ.

ஹெட்டி


தார்ன்லி
1922 ஏப்ரல் 18

வால்ட்,

அது ஆஃப்சைடு இல்லை.

விதிப்படி பந்து எனக்கு அடிக்கப்படும்போது எனக்கும் கோலுக்கும் நடுவில் எதிரணியார் மூன்று பேர் இருந்தால்தான் கோல் செல்லும். இருந்தார்கள். கோல்கீப்பர், விழுந்து கிடந்த ஒல்லிக்காரி, அந்தச் சிவப்புத் தலைக்காரி. ஊரில் எண்ணத் தெரிந்த எல்லாரும் எண்ணினார்கள்.

நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. இடைவேளைக்குச் சற்றுமுன் ஐசக்கின் கணுக்கால் பிசகி அவர் உட்கார்ந்துவிட்டபோது, ஆக்னஸ் கூட்டத்தைப் பார்த்து, "யாராச்சும் விசில் எடுங்கய்யா!" என்று கத்தினாள். யாரும் அசையவில்லை. லண்டன் சங்கம் அனுப்பிய இரண்டு ஆட்கள் கம்பிக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு நின்று யார் யார் உதவுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் கூட்டத்திலிருந்து ஒருவன் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்துக் கயிற்றைத் தாண்டி வந்தான். ஐசக்கிடம் கை நீட்டினான். தொப்பியைக் கழற்றினான்.

"டேய், வெட்கப்பட்ட அண்ணன்டா!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு. பிறகு கைதட்டல். ஓடிவந்து கட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடியப்போகிறது. ஆக்னஸ் பந்தை நீளமாக அடிக்கிறாள், நான் வாங்குகிறேன், போடுகிறேன், வலை குலுங்குகிறது. தொப்பிகள் எல்லாம் வானத்தில். உன் விசில், கோல் செல்லாதாம்!

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று உன் மூக்குக்கு நேரே வந்து கேட்டேன்.

"ஆட்டத்தைத் தொடருங்க, மிஸ் என்ட்விசில்" என்றாய்.

மிஸ் என்ட்விசில்! என் வாழ்நாளில் நம் அம்மா வயிற்றில் பிறந்த ஒருவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் ரயிலுக்குப் போய்விட்டாய். ஊரில் இப்போது உனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

உன்னை என்ன செய்யப்போகிறார்கள்? உடனே எழுது. ஆஃப்சைடு இல்லை.

ஹெட்டி


லண்டன்
1922 மே 9

ஹெட்டிக்கு,

அன்றே கிளம்பியதற்குக் காரணம் பயம்தான். கொஞ்சம் நின்றிருந்தால் ஊர்க்காரர்கள் உதைத்திருப்பார்கள், அல்லது நான் அழுதிருப்பேன்.

போன வாரம் சங்கத்தில் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, மூன்று பெரியவர்கள், ஓரத்தில் பிரிட்சார்ட். விசில் ஊதியது உண்மையா என்றார்கள், உண்மை என்றேன். தடை இருப்பது தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். பிரிட்சார்ட் பாவம், காப்பாற்றப் பார்த்தார். "தங்கச்சி பாசத்துல ஏதோ உணர்ச்சிவசப்பட்டுட்டாரு. ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துருவாரு."

"பாசமா?" என்றேன். "அவ போட்ட கோலையே ஆஃப்சைடுன்னு ரத்து பண்ணினேன் சார்."

ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. "அப்ப எதுக்குப் போனீங்க?"

"பார்க்கத்தான் போனேன். இத்தன வருஷமா வலது ஓரத்துல வர்றவங்கள தடுக்கறதுதான் என் தொழில். அன்னிக்கு அங்க ஓடுனவள என்னால தடுத்திருக்க முடியாது. இந்த முழங்கால் நல்லா இருந்தப்பகூட முடியாது. அந்த ஆட்டம் நடுவர் இல்லாம நிக்கறத பார்த்துக்கிட்டு என்னால நிக்க முடியல."

"அது கால்பந்தே இல்லைங்கறது சங்கத்தோட முடிவு, என்ட்விசில்."

"கால்பந்து இல்லைன்னா ஆஃப்சைடு எங்கேர்ந்து வந்தது சார்?"

அதற்குமேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஆயுள் தடை. ஆடவோ, பயிற்சி தரவோ, நடுவராக நிற்கவோ, சங்கத்தின் எந்த மைதானத்துக்குள்ளும் எந்த வேலைக்காகவும் நுழையவோ கூடாது. வாசலில் பிரிட்சார்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்யா இப்படி?" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தெருமுனை ரொட்டிக்கடையில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. குதிரை என்னைவிட நன்றாக நடக்கிறது. கோனி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளாகவே, "ஆஃப்சைடா, இல்லையா?" என்று கேட்டாள்.

ஆஃப்சைடுதான், ஹெட்டி. சிவப்புத் தலைக்காரி உனக்கு ஓரடி பின்னால் இருந்தாள். உனக்கு முன்னால் இரண்டே பேர். நீ ஓடிய அழகில் யாருக்கும் எண்ண நேரமில்லை. எனக்கு எண்ணுவதுதான் வேலை.

அண்ணன்,
வால்ட்


தார்ன்லி
1925 ஜூன் 20

அண்ணா,

அஞ்சலட்டையில் இடம் குறைவு. ஆஃப்சைடு விதியை மாற்றிவிட்டார்களாம். இனிமேல் முன்னால் இரண்டு பேர் இருந்தால் போதுமாம். நான் மூன்று வருடத்துக்கு முன்பே ஆடிக்காட்டியது லண்டன் பெரியவர்களுக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது. என் கோலைக் கொடு.

ஹெட்டி


லண்டன்
1925 ஜூன் 26

ஹெட்டிக்கு,

விதி பின்னோக்கி ஓடாது. இரண்டுக்கு இரண்டு.

டோரா நேற்று ரொட்டி வண்டிக்கு அடியில் பந்தை அடித்துக் குதிரையை மிரளவைத்தாள். தெரு முழுக்க ரொட்டி. அடித்தது இடது கால்.

வால்ட்


தார்ன்லி
1971 ஆகஸ்ட் 12

வால்ட் அண்ணா,

உன் மூச்சுத் திணறல் எப்படி இருக்கிறது? டோரா தொலைபேசியில் பேசினாள், நீ மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகவும் நீ ஏறுவதாகவும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். நீளமான கிருதா, பளபளக்கும் கார். சங்கத்திலிருந்து வருகிறானாம். உட்காரவைத்துத் தேநீரும் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட ரொட்டியும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான்.

"சங்கம் தடைய நீக்கிருச்சு மேடம்" என்றான். "உங்கள மாதிரி அந்தக் காலத்து ஆட்டக்காரங்கள கூப்பிட்டு லண்டன்ல ஒரு விழா. தலைவர் உங்க கையக் குலுக்குவாரு, போட்டோ எடுப்பாங்க. நீங்க ரெண்டு வார்த்த நன்றி சொன்னாப் போதும்."

"யாருக்கு நன்றி?"

"சங்கத்துக்கு. அனுமதி குடுத்ததுக்கு."

"எதுக்கு அனுமதி?"

"பொண்ணுங்க விளையாடறதுக்கு மேடம்."

"நாங்க நிறுத்தவே இல்லையே தம்பி" என்றேன்.

அவன் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். நானும் உதவவில்லை. டக்வொர்த் நிலத்தில் ஆடியதை, நாய்ப் பந்தயத் திடலில் ஆடியதை, பெல்ஜியத்தில் கொட்டும் பனியில் ஆடியதை, நாற்பத்தெட்டு வயதில் கடைசியாகப் பூட்ஸ் கழற்றியதை அவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? ஆக்னஸ் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். ஒன்று மட்டும் கேட்டேன்: "எங்க அண்ணன் வால்டர் என்ட்விசில் மேல ஆயுள் தடை இருக்கே. அத எடுத்தாச்சா?"

அந்தப் பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

அதோடு எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தத் தடையை எடுத்து, எழுதி, முத்திரை குத்தி உன் கையில் கொடுத்தால்தான் நான் லண்டன் பக்கம் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கொடுக்காவிட்டால் அவர்கள் தலைவர் தன் கையைத் தானே குலுக்கிக்கொள்ளட்டும். நாளைக்கே அவர்களுக்குக் கடிதமும் போடப்போகிறேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டம் இருக்கிறது. நம் பெண்களுக்கு எதிராகப் பிளாக்பூல் ஊர்ப் பெண்கள். வருவதானால் வா. உட்கார இடம் கிடையாது.

ஹெட்டி


லண்டன்
1971 ஆகஸ்ட் 13

ஹெட்டிக்கு,

அந்தக் கடிதத்தைப் போடாதே. போட்டிருந்தால் அவர்களைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு.

என்னோடு ஆடியவர்கள் எல்லாரும் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஏதாவது வைத்திருந்தார்கள். கோப்பை, நாட்டு அணிக்கு ஆடியதற்குத் தந்த தொப்பி, பதக்கம். நான் எதுவும் ஜெயித்ததில்லை. டோராவின் பிள்ளைகள், "தாத்தா, உனக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "எனக்கு ஆயுள் தடை குடுத்தாங்கடா" என்று சொல்கிறேன். சின்னவன் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறான். ஐம்பது வருடமாக வைத்திருக்கிறேன். இப்போது போய் அதைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறாயே.

டோரா ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். நான் நின்றே பார்க்கிறேன்.

வால்ட்